சூடு அள்ளும் கிணறு

சந்தையால் திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மா என்னை மறித்தார். அவருடைய மகன் சூரிச்சுக்குப் பக்கத்தில் பழைய வீடொன்று வாங்கியிருக்கிறார். "மாஸ்ரர், உவன் போனிலை சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வளவுக்குள்ளை நூற்றைம்பது மீற்றருக்குக் குழாய்க்கிணறு அடிக்கிறாங்களாம். தண்ணி எடுக்க இல்லையாம். வீட்டுக்குச் சூடு எடுக்கவாம். ஸ்னோ கொட்டுற நாட்டிலை நிலத்துக்குள்ளை சூடு எங்காலை?"

பௌதிகவியல் படிப்பித்த ஒருவனிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை. விடையின் முதற் பாதி அந்த அம்மாவின் கிணற்றடியிலேயே கிடக்கிறது.

மார்கழி விடியற்காலையில் கிணற்றில் குளித்தவர்களுக்குத் தெரியும். வெளியே நின்றால் உடம்பு நடுங்கும். முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் இதமாக இருக்கும். சில நாட்களில் கிணற்றின் வாயில் மெல்லிய ஆவிகூடத் தெரியும். அதே கிணற்றில் சித்திரை மாதத்து நடுப்பகலில் குளித்தால் தண்ணீர் குளிர்கிறது. தண்ணீர் மாறவில்லை. மாறியது எங்களைச் சுற்றியிருந்த காற்று. எங்கள் ஊரான சுன்னாகத்தின் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில்தான் நிற்கிறது. ஒரு வெப்பமானியை வாளிக்குள் கட்டி இறக்கி, மார்கழியிலும் சித்திரையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இராது.

மண்ணும் பாறையும் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகின்றன. பகல் வெயில் சில அங்குலத்துக்குக் கீழே போவதற்குள் இரவு வந்துவிடும். கோடையின் சூடு சில மீற்றர் இறங்குவதற்குள் மாரி வந்துவிடும். இப்படி ஒன்றையொன்று அழித்து அழித்து, பத்துப் பதினைந்து மீற்றருக்குக் கீழே போனால் பருவம் என்பதே இல்லாமற் போகிறது. அங்கே நிற்பது அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. எங்களுக்கு அது 28 என்றால் சூரிச்சுக்கு ஏறத்தாழ 10. அதற்கும் கீழே போகப் போக, பூமியின் உள்ளிருந்து வரும் வெப்பத்தால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 3 பாகையளவு கூடும். ஆகவே தை மாதத்தில் சூரிச்சில் வெளிக்காற்று சைபருக்குக் கீழே 5 பாகையில் இருக்கும்போது, அந்தத் துளையின் அடியில் இருக்கும் பாறை 13, 14 பாகையில் இருக்கிறது. எங்களுடைய மார்கழிக் கிணறு போன்றதுதான் அதுவும். ஆழம் மட்டும் வேறு.

திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றை நினைத்துக்கொண்டு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கொதிக்கும் பாறையைத் தேடித் துளைப்பது வேறு தொழில். ஐஸ்லாந்தில் அப்படிச் செய்கிறார்கள். மகன் வீட்டுத் துளையின் அடியில் வெந்நீர் கிடையாது. அங்கே இருப்பது எங்களுக்கு நடுக்கமெடுக்கும் குளிர்ந்த பாறை. அதிலிருந்து எடுத்துத்தான் 21 பாகையில் வீட்டை வைத்திருக்கிறார்கள்.

எப்படி? சூடு தானாக ஓடுவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் போல. 13, 14 பாகைப் பாறையின் சூடு 21 பாகை வீட்டுக்குள் தானாக ஏறாது. ஆனால் தண்ணீரும் தானாகக் கிணற்றிலிருந்து மேலே ஏறுவதில்லையே. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள் எல்லாம் மோட்டர் வருவதற்கு முன்பு துலாவால் இறைக்கப்பட்டவை. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, இன்னொருவர் பட்டை பிடித்து ஊற்றுவார். அந்த இரண்டு பேரும் தண்ணீரை உண்டாக்கவில்லை. தண்ணீர் கீழே ஏற்கெனவே இருந்தது. அவர்கள் சிந்திய வியர்வை முழுவதும் அதை மேலே தூக்குவதற்கு.

மகன் வீட்டில் பூட்டும் வெப்பப் பம்பி செய்வதும் அந்த வேலையைத்தான். எண்ணெய் எரித்தால் சூடு புதிதாக உண்டாகிறது. மின்சார ஹீட்டரிலும் அப்படித்தான். ஒரு யூனிற் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிற் சூடு, அதற்குமேல் ஒரு துளிகூடக் கிடையாது. வெப்பப் பம்பி நிலத்தில் கிடக்கும் சூட்டைத் தூக்கி வீட்டுக்குள் ஊற்றுகிறது. காசு, தூக்குகிற கூலிக்கு மட்டும். அதனால்தான் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு நான்கு யூனிற் சூடு கிடைக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது அது பொய்யில்லை. மூன்று யூனிற் நிலத்திலிருந்து வந்தது. ஒன்று, தூக்கிய மின்சாரமே சூடாகி வந்தது.

அந்தத் துலா எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சுவிசுக்குப் போகத் தேவையில்லை. உங்கள் குசினியில் பிரிட்ஜ் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே வைத்த சோற்றிலும் கறியிலும் இருந்த சூட்டைத்தான் அது வெளியே கொண்டுவந்து தள்ளுகிறது. பிரிட்ஜுக்குள் வைத்த பொருளின் இடத்தில் பாறையையும், பின்பக்கத்துக் கம்பி வலையின் இடத்தில் வீட்டின் தரையையும் வைத்தால், அதுதான் நிலவெப்பப் பம்பி.

உள்ளே ஓடுவதை நாங்கள் காஸ் என்று சொல்லுவோம். அது நடத்தும் வேலையை விளங்கிக்கொள்ள மூன்று சின்ன அனுபவங்கள் போதும். ஊசி போட முன் தாதி கையில் ஸ்பிரிட் தடவுகிறார், அந்த இடம் சில்லென்கிறது: திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறீர்கள், பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது: வாயுவை நெருக்கினால் அது சூடேறும். பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டித்தான் கொதிக்கிறது: அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். கடைசியாகச் சொன்னதுதான் இங்கே உயிர்நாடி. ஒரே காசை அழுத்தம் குறைவான இடத்தில் வைத்தால் உறைகுளிரிலும் கொதிக்கும். அழுத்தம் கூடிய இடத்தில் வைத்தால் நல்ல சூட்டிலும் திரவமாக மாறும். புதிய பம்பிகள் பலவற்றில் புரோப்பேன் பயன்படுகிறது. எங்கள் அடுப்புக் காஸ் சிலிண்டருக்குள் இருப்பதில் ஒரு பங்கு அது. சாதாரண வளியழுத்தத்தில் அது சைபருக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிக்கக்கூடியது.

இப்போது மகனுடைய வளவுக்கு வருவோம். துளைக்குள் பிளாஸ்ரிக் குழாயை இறக்கி, அடியில் ஊசியின் வளைவு போலத் திருப்பி, மேலே கொண்டுவந்திருப்பார்கள். அதற்குள் உறையாமல் இருப்பதற்காகக் கிளைக்கோலோ மதுசாரமோ கலந்த தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும். அது பாறையைத் தொடுவதில்லை, நிலத்தடி நீரோடு கலப்பதுமில்லை. 2 பாகையில் இறங்கினால் 5 பாகையில் ஏறி வரும். மூன்றே மூன்று பாகை. அந்த மூன்று பாகையை ஒரு தகட்டு வெப்பமாற்றியில் காசிடம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கீழே போகும். 5 பாகை எங்களுக்குப் பச்சைக் குளிர். ஆனால் சைபருக்குக் கீழேயே கொதிக்கும் காசுக்கு அது அடுப்பு. காஸ் கொதித்து ஆவியாகிறது. கொம்பிறசர் அந்த ஆவியை நெருக்குகிறது. மின்சாரம் பெரும்பாலும் செலவாவது இந்த இடத்தில்தான். நெருக்கப்பட்ட ஆவி 50, 60 பாகைக்கு ஏறிவிடும். அதை வீட்டுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயின் அருகே கொண்டுவந்தால் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஒரு சிறிய வால்வு அதன் அழுத்தத்தைக் குறைக்க, பழைய குளிருக்கு இறங்கி, அடுத்த சுற்றுக்குப் போகிறது. இவ்வளவும் ஒரு பிரிட்ஜ் அளவுள்ள பெட்டிக்குள், வீட்டின் நிலக்கீழ் அறையில் நடக்கும். வெளியே தெரிவது வளவுக்குள் ஒரு மூடி மட்டும்.

துளை ஏன் அவ்வளவு ஆழம்? நல்ல குளிர் நாளில் ஒரு வீட்டுக்கு 8 கிலோவாற்று சூடு வேண்டும் என்று வையுங்கள். நான்கில் ஒரு பங்கு மின்சாரம் என்றால் நிலம் தர வேண்டியது 6 கிலோவாற்று. சாதாரணப் பாறையில் ஒரு மீற்றர் துளைக்கு 40 முதல் 50 வாற்று வரை எடுக்கலாம். கணக்குப் போட்டால் 120 முதல் 150 மீற்றர் வருகிறது. மகன் சொன்னது சரிதான். பெரிய வளவு உள்ளவர்கள் துளைக்காமல், ஒன்றிரண்டு மீற்றர் ஆழத்தில் குழாயைப் படுக்கையாகப் புதைப்பதும் உண்டு. கனடாவில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே, எங்கள் ஆட்கள் நிறையப்பேர் இருக்கும் ஏஜாக்ஸ், பிக்கறிங் பகுதிகளைத் தாண்டினால் ஒஷாவா வரும். அங்குள்ள ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகத்தின் முற்றத்துக்கு அடியில் ஏறத்தாழ 380 துளைகள், ஒவ்வொன்றும் 200 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் இருக்கின்றன. கோடையில் கட்டடங்களின் சூட்டை நிலத்துக்குள் இறக்கி, குளிர்காலத்தில் அதையே திருப்பி எடுக்கிறார்கள்.

துலாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மகனிடம் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி அதற்குள் இருக்கிறது. கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு இறைப்பது ஒரு வேலை. அதே தண்ணீரை மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றுவது இன்னொரு வேலை. தண்ணீர் ஒன்றுதான், உயரந்தான் வேறு. சூட்டுக்கும் அப்படியே. தரை முழுவதும் குழாய் பதித்த வீட்டுக்கு 35 பாகைத் தண்ணீர் போதும், ஏனென்றால் தரை முழுவதும் சூடு தருகிறது. பழைய வீட்டில் சுவரோடு நிற்கும் சின்ன இரும்பு ரேடியேற்றர்களுக்கு 55, 60 பாகை வேண்டும். ஒவ்வொரு பாகை உயர்த்துவதற்கும் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வீதம் மின்சாரம் கூடும். 25 பாகை கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல பம்பியை வாங்கிவிட்டு, யன்னல் இடுக்குகளையும் கூரையையும் அடைக்காமல், பழைய ரேடியேற்றரையும் மாற்றாமல் விட்டவர்கள்தான் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பம்பியைத் திட்டுகிறார்கள். முதற் செலவு வீட்டை மூடுவதற்கு. பம்பி அதற்குப் பிறகு.

மகன் ஏன் இப்போது இதைச் செய்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. 2021 நவம்பரில் சூரிச் மாநில மக்கள் ஒரு சக்திச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். 2022 செப்டெம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. பழுதான எண்ணெய் அல்லது காஸ் கொதிகலனை எடுத்தால், பெரும்பாலும் புதுப்பிக்கத்தக்க முறைக்குத்தான் மாறவேண்டும். நோர்வே இன்னும் முன்னாலே போய், கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதை 2020 முதல் தடை செய்துவிட்டது. சுவிசுக்கு இது புதுக் காய்ச்சல் அல்ல. நிலத்திலிருந்து சூடு எடுக்கலாம் என்று 1912இல் உரிமைப்பத்திரம் எடுத்த ஹைன்றிச் சோலி ஒரு சுவிஸ்காரர். 1938இல் சூரிச் நகர மண்டபத்தைப் பக்கத்தில் ஓடும் லிம்மற் ஆற்றின் சூட்டால் சூடாக்கினார்கள். நிலக்கரி வெளியிலிருந்து வரவேண்டிய நாடு, யுத்தம் வாசலில் நின்ற காலம். ஆற்றைப் பார்த்தது ஆச்சரியமில்லை. இவற்றுக்கெல்லாம் முந்தி, 1850களில் ஒஸ்திரியாவின் எபென்சேயில் பீற்றர் ரிற்றிங்கர் அமைத்த வெப்பப் பம்பி உப்பு நீரைக் காய்ச்சுவதற்கானது. ஆனையிறவு உப்பளத்தில் வெயில் சும்மா செய்து தரும் வேலைக்கு, வெயில் போதாத நாட்டில் பொறி தேவைப்பட்டது.

இவ்வளவையும் கேட்ட பிறகு அந்த அம்மா கேட்டது வேறொன்று. "அப்ப உந்தக் குழாய்க்குள்ளை ஓடுற மருந்துத் தண்ணி கிணத்துக்குள்ளை போகாதோ?"

சுன்னாகத்துக்காரருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எங்களிடம் ஆறு இல்லை. வழுக்கியாறு என்பது மழைக்காலத்து ஓட்டம் மட்டுமே. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்த நீர்த்தேக்கத்துக்கு நீரியலாளர்கள் வைத்த பெயரே சுன்னாகத்தின் பெயர். சுண்ணாம்புக்கல் வெடிப்பும் ஓட்டையுமானது. மேலே ஊற்றியதைக் கீழே விட்டுவிடும், ஒரு வளவில் விட்டதை அடுத்த வளவுக்குக் கொண்டுபோகும். அனல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், குடிக்கும் தண்ணீரைப் பவுசர்களில் வாங்கியதையும் இந்த ஊர் மறக்காது. அதற்காக 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், இங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நிலத்துக்குள் எதை இறக்கினாலும் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கும் உரிமையை நாங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஒழுங்காகச் செய்தால் ஆபத்து சிறிது. குழாயை இறக்கியதும், துளையில் மிஞ்சிய இடைவெளியை அடியிலிருந்து மேல்வரை பென்ரனைற் களியும் சீமெந்தும் கலந்த குழம்பால் நிரப்பி அடைக்கிறார்கள். இது சூட்டைக் கடத்துவதற்கு மட்டுமல்ல. மேற்படை நீரும் கீழ்ப்படை நீரும் அந்தத் துளை வழியே கலந்துவிடாமல் தடுப்பதற்கும்தான். குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். சுவிசில் அனுமதி இல்லாமல் துளைக்க முடியாது. குடிநீர்ப் பாதுகாப்பு வலயத்தில் அனுமதியே கிடையாது. எங்கே துளைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வரைபடம் மாநிலங்களிடம் இருக்கிறது. சில இடங்களில் குழாய்க்குள் வெறும் தண்ணீர் மட்டுந்தான் விடலாம்.

ஒழுங்கு தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு சுவிஸ் எல்லைக்கு அப்பால், ஜேர்மனியின் பிறைபேர்க் நகருக்கு அருகே ஸ்ரவ்பென் என்ற சிற்றூர் சாட்சி. 2007இல் அங்கே 16ஆம் நூற்றாண்டு நகர மண்டபத்தைச் சூடாக்குவதற்காக 140 மீற்றர் ஆழத்துக்கு ஏழு துளைகள் போட்டார்கள். கீழே தண்ணீரே காணாத அன்ஹைட்றைற் என்ற பாறைப்படை இருந்தது. துளைகளின் வழியே நிலத்தடி நீர் அதற்குள் புகுந்ததும் அது ஜிப்சமாக மாறி ஊதத் தொடங்கியது. இந்த மாற்றத்தில் கனவளவு 60 வீதம்வரை கூடும். சில வாரங்களில் சுவர்கள் வெடித்தன. ஊர் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. 250க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. பம்பியில் ஒரு குறையும் இல்லை. காலடியில் என்ன பாறை இருக்கிறது என்று கேட்காமல் துளைத்ததன் விலை அது. ஆகவே மகனிடம் விசாரிக்க வேண்டியது பம்பியின் மார்க்கை அல்ல. நிலத்தைப் பார்த்து ஒப்பம் போட்டவர் யார், துளையை அடைத்ததற்கு எழுத்தில் பதிவு இருக்கிறதா என்பதைத்தான்.

இன்னொன்றையும் எங்கள் கமக்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரே நீர்த்தேக்கத்திலிருந்து எல்லோரும் மோட்டர் போட்டு இறைத்தால் கிணறு உவராகிறது. சூடும் அப்படித்தான். துளை குட்டையாக இருந்தால், அல்லது அயலட்டை எல்லாம் நெருக்கமாகத் துளைத்தால், நிலம் தன் சூட்டை மீட்டெடுப்பதற்குள் அடுத்த குளிர்காலம் வந்துவிடும். ஆண்டுக்காண்டு பாறை குளிரும், தூக்க வேண்டிய உயரம் கூடும், மின்சாரம் கூடும். அதனால் கோடையில் தரைக்குழாய்களுக்குள் ஓடும் தண்ணீரால் வீட்டின் சூட்டை வாங்கி நிலத்துக்குள் திருப்பி விடுகிறார்கள். வீடும் குளிரும், பாறையும் நிரம்பும். மாரியில் கிணற்றுக்கு மழைநீரை விட்டுச் சேமிப்பது போல.

மின்சாரமே எண்ணெய் எரித்து வருவதென்றால் இதில் என்ன லாபம் என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. உத்துரு ஜனனி மின்நிலையம் எங்கள் ஊரிலேயே எண்ணெய் எரித்து மின்சாரம் செய்வதால் அந்தக் கணக்கும் எங்களுக்கு உரியது. 100 பங்கு எண்ணெயைக் கொதிகலனில் எரித்தால் 90 பங்கு சூடு வரும். அதே எண்ணெயை மின்நிலையத்தில் எரித்தால் 40 பங்கு மின்சாரமாகும். நான்கு மடங்கு தூக்கும் பம்பிக்கு அதைக் கொடுத்தால் 160 பங்கு சூடு. கம்பியில் போகும் இழப்பைக் கழித்தாலும் பம்பியே முன்னுக்கு நிற்கிறது. சுவிசின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின் என்பதால் அங்கே லாபம் இன்னும் பெரிது.

பிரியும்போது அந்த அம்மா கேட்டது, பேரப்பிள்ளைகள் ஆவணி விடுமுறைக்கு வரும்போது இங்கேயும் அப்படி ஒன்று போட்டு வீட்டைக் குளிராக்கலாமோ என்று. பம்பியைத் திருப்பி ஓட்டினால் அது ஏ.சி.தான், செய்யலாம். ஆனால் வேண்டாம் என்றேன். வெளியே 33 பாகை, நிலம் 28. இந்த ஐந்து பாகை வித்தியாசத்துக்காக நூறு மீற்றர் துளைக்கும் செலவு திரும்பி வராது. டெல்லிக்கு அருகே குவல் பஹாரியில் ரெரி நிறுவனம் கட்டிய பயிற்சி நிலையம் நிலத்துக்கடியில் சுரங்கம் வைத்துக் காற்றைப் பதப்படுத்துகிறது. அங்கே கடுங்கோடையும் கடுங்குளிரும் மாறி மாறி வருவதால் அது சரிவருகிறது. இங்கே குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் சூட்டை நிலத்துக்குள் தள்ளினால் அதைத் திருப்பி எடுக்க ஒரு நாளும் வராது. கிணற்றுத் தண்ணீர்தான் சூடேறும். மேற்குப் பக்கச் சுவருக்கு வேம்பு ஒன்று வையுங்கள், கூரைக்கு வெள்ளை அடியுங்கள், பிள்ளைகளைப் பின்னேரத்தில் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நாலு வாளி ஊற்றுங்கள் என்றேன். "மகன் போன் எடுத்தால், ரேடியேற்றர் மாத்தினவனோ எண்டு கேளுங்கோ" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.